கழக்கூட்டத்தில் ஒரு தமிழ் ஓலை

திருவனந்தபுரத்திற்கு வடக்கே, கொல்லம் செல்லும் பெருவழியில் உள்ளது கழக்கூட்டம். அதனை அடுத்த காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ் பயின்றவன் யான். சென்ற விடுமுறையில் மக்கள் இருவருடன் அங்குச் சென்றேன்.

1990இல் தோன்றிய டெக்னோபார்க்கும் 2022இல் திறக்கப்பெற்ற மேம்பாலமும் ஊரின் தோற்றத்தையே மாற்றிவிட்டன. சிறுவர் அவற்றையே வியந்து நோக்கினர். வளாகத்தின் மரநிழலை அடைந்ததும், "மலையாள நாட்டில் தமிழ் படித்தது ஏன், அப்பா?" என்று மூத்தவள் வினவினாள்.

"தமிழ் இங்கு விருந்தாளி அன்று, அம்மா" என்றேன். 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகப் பிறந்தது இந்நிறுவனம். வையாபுரிப் பிள்ளை இதன் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கினார். வ. அய். சுப்பிரமணியம் 1962இல் புறநானூற்றுக்குச் சொல்லடைவு தந்தார்.

வளாகத்துச் சுவடி நூலகத்தில் பல்லாயிரம் ஓலைச்சுவடிகள் பேணப்படுகின்றன. தமிழ்ச் சுவடிகளும் அவற்றுள் உண்டு. அங்கு ஓர் ஓலையைக் கண்ட இளையவன், நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் கற்ற எழுத்துகள் சிலவற்றை இனங்கண்டு மகிழ்ந்தான்; ஆயினும் ஒரு சொல்லும் கூடவில்லை. ஓலையில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரங்கட்கு வடிவ வேறுபாடும் இராது. ‘தேன்’ என்னும் சொல் ‘தென’ என நிற்கும். மொழியைச் செவியால் அறிந்தவனுக்கே அது தேனாகும்.

நம் இல்லங்களுக்கும் இதுவே பொருந்தும். வகுப்பு எழுத்தைத் தரும். சொல்லைத் தருவது பெற்றோரின் அன்றாடப் பேச்சே. தாயகம் செல்லும் அன்பர்கள், அத்தகைய ஓர் ஓலையைத் தம் மக்களுக்குக் காட்டி வருவார்களாக.