கோப்பில் எழுதாத காரணம்

ஒரு பெண்பிள்ளைக்குக் கிடைத்த பல்கலைக்கழக இடத்தை நான் இல்லாமல் ஆக்கினேன். சட்டத்தை மீறவில்லை. சட்டத்தைக் காட்டியே செய்தேன். அதனால் இன்றுவரை யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. ஓய்வுபெற்ற நாளில் "பக்கம் சாராத அதிகாரி" என்று பேசி மாலை போட்டார்கள். தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

நான் ஓர் அரச பல்கலைக்கழகத்தில் மாணவர் அனுமதிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவன். பிறந்த ஊர் கற்பிட்டிக் கரை. பல்கலைக்கழகத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. குற்றம் என்னுடையது.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்களுக்கு எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் பல்கலைக்கழகத்துக்கு மாணவரைத் தெரிவு செய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 55 சதவீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. எங்கள் கற்பிட்டி இருக்கும் புத்தளம் அந்த 16இல் ஒன்று. உயர்தரம் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, பொதுவாக அதுவே பிள்ளையின் மாவட்டம். அந்நாளில் தெரிவான பிள்ளை குறித்த திகதிக்குள் வந்து பதிய வேண்டும். வராவிட்டால் இடம் வெற்றிடமாகும். பிந்தி வந்தவருக்கும் ஒரு வழி இருந்தது. காரணத்தை எழுதி, பதிவாளர் மூலமாக உபவேந்தருக்குச் சமர்ப்பிக்கலாம். சமர்ப்பிப்பதா இல்லையா என்பது நடைமுறையில் என் கையில் இருந்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். மன்னார்ச் சனங்களில் பலர் வள்ளங்களில் எங்கள் கரைக்குத்தான் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊர் அவர்களுக்குப் பள்ளிவாசலைத் திறந்தது, பாடசாலையைத் திறந்தது, சோறு ஆக்கிப் போட்டது. எங்கள் வளவிலும் ஒரு குடும்பம் இருந்தது. சில வாரத்தில் திரும்பிப் போவார்கள் என்று அவர்களும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம். வருடங்கள் போயின. ஆலங்குடா, தில்லையடி என்று கிடுகுக் குடிசைகள் முகாம்களாகி நிலைத்தன. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு ஆள் கூடியது. கூலி குறைந்தது. கிணற்றடியில் சண்டை வந்தது.

பிறகு வெளியேற்றப்பட்டு வந்தவர்களின் பிள்ளைகள் உயர்தரம் எழுதினார்கள், புத்தளம் மாவட்டத்தில். "நம்மட கோட்டாவை அகதிப் பிள்ளைகள் எடுக்குது" என்ற பேச்சு கல்யாண வீடுகளில் நடக்கும். ஊருக்குப் போகும்போது நானும் கேட்பேன். மறுத்துப் பேசியதில்லை. படித்தவன், சட்டம் தெரிந்தவன். அந்தப் பிள்ளைகள் விரும்பி மாவட்டம் மாறி வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் தங்கை மகன் சில புள்ளிகளால் வாய்ப்பை இழந்த வருடம், நானும் அதே பேச்சைப் பேசினேன். அதை இங்கே மறைத்தால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும்.

 2001க்குச் சில வருடங்களுக்குப் பிறகு, பதிவுத் திகதி முடிந்த மறுநாள் காலை, ஒரு வாப்பாவும் மகளும் என் அறைக்கு வந்தார்கள். இரவு பஸ்ஸில் வந்தவர்கள் என்பது முகத்தில் தெரிந்தது. மகள் வர்த்தகப் பிரிவு. முகாமைத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருந்தாள். மூன்றாம் தடவை எழுதிக் கிடைத்த இடம். அதற்கு மேல் எழுதும் பரீட்சை பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் வராது.

"கடிதம் முகாம் கடையில கிடந்திருக்கு சேர். முந்தாநாள்தான் கைக்கு வந்த" என்றார் வாப்பா. அப்போது முகாமில் வீட்டுக்கு வீடு தபால் வருவதில்லை. கடையில் கட்டாகப் போட்டுவிட்டுப் போவார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா? அந்தக் கடைக்கு நான் போயிருக்கிறேன். கிராம சேவகரின் கடிதமும் கொண்டு வந்திருந்தார்கள். அதை வாங்கினேன். முழுதாக வாசிக்கவில்லை. முகவரியை மட்டும் பார்த்தேன்.

"திகதி நேற்றோட முடிஞ்சிட்டு. ஒண்டும் செய்ய ஏலா."

அவ்வளவுதான் சொன்னேன். நானும் அந்தக் கரைதான் என்று சொல்லவில்லை. உபவேந்தருக்கு எழுதலாம் என்று சொல்லவில்லை. வெற்றிடப் பட்டியல் ஆணைக்குழுவுக்கு இன்னும் போகவில்லை, இதோ என் மேசையில் கிடக்கிறது என்றும் சொல்லவில்லை. மகள் எதுவும் பேசவில்லை. வாப்பா இரண்டு முறை "சேர்" என்றார். நான் அடுத்த கோப்பைத் திறந்தேன். அதில் வேலை எதுவும் இருக்கவில்லை.

ஏன் செய்தேன்? முதலில் பயம். கற்பிட்டிக்காரன் கற்பிட்டிப் பிள்ளைக்குச் சலுகை கொடுத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் தமிழ் பேசும் அதிகாரி. என் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கிறது என்று நினைத்து வேலை செய்தவன். இரண்டாவது கர்வம். நேர்மையானவன் என்ற பெயரை வளர்த்து வைத்திருந்தேன். அந்தப் பெயருக்கு யாரையாவது பலி கொடுக்க வேண்டியிருந்தால், கேள்வி கேட்க ஆள் இல்லாதவரைக் கொடுப்பதே சுலபம். மூன்றாவது, கல்யாண வீட்டில் கேட்ட அந்தப் பேச்சு. முகவரியில் முகாமின் பெயரைக் கண்டதும் என் மனம் கதவைச் சாத்தியது. பயத்தையும் கர்வத்தையும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த மூன்றாவதை இப்போதுதான் சொல்கிறேன். பெரிய காரணம் இதுதான்.

நான் விதிக்கு அடிமையாக இருந்தேன் என்று யாராவது எனக்காக வாதாடலாம். அந்த வாதமும் நிற்காது. அதே பருவத்தில், பிந்தி வந்த வேறொரு மாணவனின் காரணத்தை எழுதி மேலே அனுப்பினேன். அவனுக்காக ஓர் உயர் அதிகாரி தொலைபேசியில் பேசினார். அனுமதி ஒரே நாளில் வந்தது. விதி வளையும் என்பது எனக்குத் தெரியும். யாருக்கு வளைப்பது என்பதை நான் தீர்மானித்தேன்.

அந்த இடம் வேறு எந்தப் பிள்ளைக்கும் போகவில்லை. வெற்றிடப் பட்டியலை அசட்டையாகப் பிந்தி அனுப்பினேன். நிரப்பும் காலம் கடந்துவிட்டது. பெண்பிள்ளையை ஒரு நாள் தாமதத்துக்காகத் திருப்பி அனுப்பியவன், தன் வேலையில் அதைவிடக் கூடிய நாள் தாமதித்தேன். அந்தத் தாமதத்துக்கு என்னைத் திருப்பி அனுப்ப யாரும் இருக்கவில்லை. மாவட்டத்துக்கு ஓர் இடம் குறைந்தது. எங்கள் ஊர் எந்தப் பங்குக்காகச் சண்டை பிடித்ததோ, அந்தப் பங்கிலிருந்துதான் குறைந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு ஊரில் ஒருவர், அந்த அதிகாரி நான்தான் என்று அறியாமலே, இந்தக் கதையை என்னிடம் சொன்னார். அவள் முகாமின் பாலர் பாடசாலையில் சொற்பச் சம்பளத்துக்குப் படிப்பித்தாளாம். அவளுக்கு அடுத்த தங்கையை வாப்பா உயர்தரத்துக்கு அனுப்பவில்லையாம். "அங்க போனாலும் உள்ள எடுக்க மாட்டாங்க" என்றாராம். யுத்தம் 2009இல் முடிந்த பிறகு குடும்பம் மன்னாருக்குத் திரும்பிவிட்டது. ஒரு கையெழுத்தில் இரண்டு பிள்ளைகளின் படிப்பை நிறுத்தினேன் என்று எழுதப் பார்த்தேன். அதுவும் பிழை. கையெழுத்துக்கூட நான் போடவில்லை.

தேடிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மன்னார் தூரமில்லை. போகவில்லை. முதலில் வேலை என்றேன், பிறகு உடம்பு சரியில்லை என்றேன். உண்மையில் அந்த வாப்பா என்னை அடையாளம் கண்டுவிடுவார் என்று பயந்தேன். அவர் இப்போது உயிரோடு இல்லை என்று கேள்வி.

அந்தக் கதிரையில் இன்று இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் சொல்கிறேன். அனுமதிப் பிரிவில் ஏற்றுக்கொள்வதற்குப் படிவம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. மறுப்பதற்கு வாய்ச்சொல் போதும். அதை மாற்றுங்கள். ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பும் அதிகாரி, ஏன் அனுப்புகிறார் என்பதை எழுதிக் கையெழுத்திட்டு அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். அன்று எனக்கு அந்தக் கட்டாயம் இருந்திருந்தால், எழுதக்கூடிய காரணம் ஒன்றும் என்னிடம் இருந்திருக்காது.