தேய்ப்பும் காப்பும்

காஞ்சிபுரத்தில் 'வாகனம்' என்ற சொல்லைச் சற்று எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும். வைகாசி மாதத்தில் ஒருவர் "வாகனம் புறப்பட்டாயிற்றா?" என்று கேட்டால் அவர் வரதராசப் பெருமாளின் கருட வாகனத்தைப் பற்றிக் கேட்கிறார் என்றே கொள்ள வேண்டும். மற்ற நாள்களில் அதே சொல் தெருவோரம் நிற்கும் காரைக் குறிக்கும். இரண்டையும் வெளியே எடுப்பதற்கு முன் துடைத்துத் துலக்குகிறோம். துலக்குதல் என்றால் உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதைச் சில மாதங்களாக நாங்கள் யோசித்து வருகிறோம். அதற்குக் காரணம் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அரக்கு நிற சான்ட்ரோ.

அதுவும் இந்த மாவட்டத்தில் பிறந்ததே. இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998-இல் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. எங்களுடையது பத்தாண்டுகளுக்குப் பிந்தியது. எங்கள் தந்தையார் ஓய்வு பெற்றபோது வாங்கியது. அவர் மறைந்தபின் அதை விற்றுவிடலாம் என்று தம்பியும், வேண்டாம் என்று அக்காவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் முதலில் 'பாலிஷ்' போட வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. முகப்பு மூடியும் கூரையும் அவ்வளவு மங்கியிருந்தன.

காரின் வண்ணம் ஒரே பூச்சு அன்று. தகரத்தின்மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற 'கிளியர் கோட்' என்று அடுக்கடுக்காக அமைந்தது. நாம் பளபளப்பு என்று சொல்வது பெரும்பாலும் கடைசிப் பூச்சின் குணம். அதன் தடிமன் ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் சராசரியாக 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால், ஒரு முடியின் கனம்கூட இல்லாத ஒன்றைத்தான் வெயிலிலும் புழுதியிலும் நிறுத்தி வைத்திருக்கிறோம். புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்கும்போது மணல் துகள்கள் அதில் மெல்லிய கீறல்களைப் போடுகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவி வெயிலில் காயவிட்டால் அதிலுள்ள உப்புகள் வெள்ளை வட்டங்களாகத் தங்கிவிடுகின்றன. இப்படிக் கரடாகிப்போன பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்பாமல் நாலா பக்கமும் சிதறுகிறது. அந்தச் சிதறலைத்தான் கண் 'மங்கல்' என்று அறிகிறது.

அப்படியானால் பாலிஷ் செய்வது பளபளப்பைப் பூசுவது அன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பையும் தேய்த்துச் சமன்படுத்துவதே அது. 'ரப்பிங் காம்பவுண்டு' என்பது நுண்ணிய உராய்பொடி கலந்த குழம்பு. பஞ்சுத் தட்டு சுழலும்போது கிளியர் கோட்டில் சில மைக்ரான் கரைந்து போகிறது. ஒவ்வொரு முறையும் கார் புதிதாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைகிறது.

பட்டின் கதையும் ஏறத்தாழ இதுவே. கூட்டிலிருந்து எடுத்த கச்சாப் பட்டு பளபளப்பதில்லை. சொரசொரப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். இழையைச் சுற்றியுள்ள செரிசின் என்ற பசைதான் காரணம். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்து அதை நீக்குகிறார்கள். நூலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அதோடு போய்விடும். பிறகு எஞ்சும் இழையின் குறுக்குவெட்டு முக்கோணம் போன்றது. அதன் பக்கங்களில் பட்டுத் திரும்பும் ஒளியே பட்டின் மினுமினுப்பு. பாலாற்றுத் தண்ணீரின் குணம்தான் அது என்று ஊரில் சொல்வதுண்டு. தண்ணீரே இல்லாத ஆற்றின்மீது இப்படியொரு பெருமை ஏற்றி வைத்திருப்பது நம் ஊரின் பெருந்தன்மை. எப்படியாயினும், கால் பங்கை இழந்தபின்னரே பட்டு பட்டாகிறது.

பிள்ளையார்பாளையம் பக்கம் சிறிய கொட்டகையில் கார்களுக்குப் பாலிஷ் போடும் ஓர் இளைஞரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் முதலில் செய்த காரியம் எங்களை ஈர்த்தது. கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கழுவி முடித்த முகப்பு மூடியின்மேல் விரல்களை மெதுவாக ஓட்டினார். வெறும் விரலுக்குத் தட்டுப்படாத பொருக்கு அந்தப் பையின் வழியே தெளிவாகத் தெரியுமாம். சேலையின் ஊடையில் முடிச்சு இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பார்க்கும் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கேட்டபோது, தறி வீட்டுப் பிள்ளைதான் என்றார். அப்பா இன்னும் நெய்கிறார். இவர் பன்னிரண்டாம் வகுப்போடு தறிக்குழியை விட்டு வெளியே வந்தவர். "அங்க ஒரு சேலைக்குப் பதினஞ்சு நாள் சார். இங்க ஒரு வண்டிக்கு ஒரு நாள்" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கூரையைப் பார்த்தவர் பாலிஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ஏற்கெனவே ரெண்டு மூணு தடவை தேய்ச்சிருக்காங்க. இன்னும் தேய்ச்சா கலர் வந்துடும் சார்." வந்துவிடும் என்றால் துணியோடு வந்துவிடும் என்று பொருள். ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடிக் குழிவில் சில கீறல்கள் இருந்தன. எங்கள் தந்தையாரின் மோதிரம் பல ஆண்டுகளில் போட்டவை. விற்கும் எண்ணத்தில் இருந்த தம்பி அதையாவது எடுத்துவிடச் சொன்னான். அவர் நகத்தால் வருடிப் பார்த்தார். நகம் தட்டினால் கீறல் ஆழமானது. அதைச் சமன் செய்யச் சுற்றிலும் உள்ள பூச்சு முழுவதையும் பலிகொடுக்க வேண்டும். "இது இருக்கட்டும் சார், வேக்ஸ் மட்டும் போட்டுடறேன்" என்றார். தம்பி மறுத்துப் பேசவில்லை. தன் கூலியைக் குறைத்துக்கொண்டு ஒரு தொழிலாளி சொல்லும் 'வேண்டாம்' என்பதற்கு எதிராகப் பேச எவருக்கும் வாய் வராது.

அவர் பூசிய மெழுகு நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தது. கர்னாபா என்பது பிரேசிலின் வடகிழக்கு மாநிலங்களில் வளரும் ஒரு பனை. வறண்ட காலத்தில் நீர் ஆவியாகாமல் காக்க அதன் ஓலையின்மேல் மெழுகு படிகிறது. ஓலையை வெட்டி உலர்த்தி அடித்தால் அது பொடியாக உதிரும். தேன்மெழுகு 62 பாகை செல்சியசைத் தாண்டினால் உருகத் தொடங்கும். கர்னாபா ஏறத்தாழ 82 பாகை வரை தாக்குப்பிடிக்கும். சித்திரை வெயிலில் நிற்கும் காரின் தகரத்துக்கு இது பொருந்தியதன் காரணம் விளங்கும். 1935-இல் அமெரிக்காவின் ஜான்சன் மெழுகு நிறுவனத் தலைவர் இந்தப் பனையைத் தேடிச் சொந்த விமானத்தில் பிரேசிலுக்கே போனார். அந்தப் பனங்காடுகளில் அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலையில் வேலை செய்த தொழிலாளர்களை அந்நாட்டு அரசின் ஆய்வாளர்கள் மீட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம் வியந்து பேசிவிட்டு நகர முடியாது. பட்டுத் தொழிலில் கடனுக்கு ஈடாக வேலை செய்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. மினுமினுப்புக்காகத் தேய்ந்தது நூல் மட்டும் அன்று.

மெழுகு பாலிஷுக்கு நேர் எதிரானது. அது எதையும் எடுப்பதில்லை. நுண்ணிய கீறல்களை நிரப்பி, மேலே மெல்லிய படலமாக நின்று, வெயிலையும் நீரையும் முதலில் தான் வாங்கிக்கொள்கிறது. நம் வெயிலில் ஓரிரு மாதங்களில் அது போய்விடும். மறுபடியும் பூச வேண்டும். தேய்வது தானாக இருந்து, அடியில் உள்ளதைத் தேயாமல் வைப்பதே அதன் வேலை.

இதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: காப்பு. சந்தனக் காப்பு, எண்ணெய்க் காப்பு, தைலக் காப்பு என்று சொல்கிறோம். ஏகாம்பரநாதர் மணலால் ஆனவர் என்பது மரபு. ஆகவே லிங்கத் திருமேனிக்கு நீர் அபிடேகம் கிடையாது, ஆவுடையாருக்கு மட்டுமே. லிங்கத்துக்குப் புனுகு சாத்துகிறார்கள். எந்தப் பொருள் எதைத் தாங்கும் என்று அறிந்து வகுத்த முறை அது. வீடுகளிலும் அப்படித்தானே? பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி, தங்கத்துக்குப் பூந்திக்கொட்டை நீர். முலாம் பூசியதைப் புளி போட்டுத் தேய்க்க எந்தப் பாட்டியும் விடமாட்டாள்.

இந்த அறிவு எப்போதும் நம்மோடு இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. திருப்பணி என்ற பெயரில் தமிழகக் கோயில்கள் பலவற்றில் மணலை விசையோடு பீய்ச்சிக் கல்லைத் 'துலக்கினார்கள்'. தூண்கள் வெளுத்துப் பளிச்சென்று ஆயின; உளியின் நுண்மையும் கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் அந்த வெளுப்போடு போயின. கைலாசநாதர் கோயிலில் நடந்தது மறுதலை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பிய அந்த மணற்கல் சிற்பங்களின்மேல் பிற்காலத்தார் சுதையும் சுண்ணாம்பும் அப்பினார்கள். முகங்கள் தடித்துப்போயின. ஆனால் 1931-இல் புதுச்சேரிப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் அங்கே பல்லவர் ஓவியங்களைக் கண்டெடுத்தது அத்தகைய பூச்சுக்கு அடியில்தான். மறைத்த பூச்சு ஓரளவு காத்தும் இருக்கிறது. சுரண்டியதற்கு மட்டும் திரும்பி வரும் வழி இல்லை.

கார் இன்னும் விற்கப்படவில்லை. கூரை மங்கலாகவே இருக்கிறது. அதன்மேல் விழும் மழைத்துளி மட்டும் இப்போது முத்தாகத் திரண்டு உருண்டோடுகிறது. ஆயுத பூசை வரப்போகிறது. நண்பர்கள் பலரும் வண்டிகளைப் பாலிஷுக்குக் கொண்டுபோவார்கள். முன்பு எத்தனை முறை தேய்த்தது என்று கணக்குச் சொல்லுங்கள். முடிந்தால் பூச்சின் கனத்தை அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கழுவி, மெழுகு மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். சந்தனமும் குங்குமமும் மெழுகின்மேலும் நன்றாகவே ஒட்டும்.