பாஸ்வேர்டு கேட்டால் என்ன சொல்வது?

கொல்லிமலையில், 70 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, சிக்னல் கண்ணாமூச்சி ஆடும். பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வைஃபை கேட்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல வாய் வராது.

ஆனால் பாஸ்வேர்டு கைமாறிக்கொண்டே போகும். 2008-ல் ஆமதாபாத் குண்டுவெடிப்பு மிரட்டல் மெயில், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாகப் போனது. போலீஸ் விசாரித்தது அவரைத்தான்!

ஒவ்வொரு போனாகத் தடுப்பதும் பலிப்பதில்லை. இப்போதைய போன்கள் தங்கள் அடையாள எண்ணையே மாற்றிக்கொள்கின்றன. அதனால் ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' போட்டிருக்கிறேன். அதற்குத் தனிப் பாஸ்வேர்டு. எங்கள் லேப்டாப் பக்கம் அதில் யாரும் வர முடியாது. மாதம் ஒருமுறை மாற்றிவிடுவேன். வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். யார் கையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தால் போதும்.