பிடிச்ச மீனை ஏன் சார் திருப்பி விடறீங்க?

ஒகேனக்கல் ஆத்தங்கரையில சுடச்சுடப் பொரிச்சுத் தர்ற மீனை மூக்குப் பிடிக்கத் தின்னு வளர்ந்த ஆளு நான். காசைக் கொட்டிக் காட்டுக்குள்ள கூடாரத்துல தங்கி, நாள் பூரா வெயில்ல காய்ஞ்சு, மாட்டின மீனை எடை போட்டு, போட்டோ எடுத்து, மறுபடி தண்ணியிலயே விடற கூட்டம் ஒண்ணு இருக்குன்னு கேட்டப்ப, 'இவங்களுக்கெல்லாம் வீட்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?'ன்னுதான் தோணுச்சு :-)

அதுவும் நம்ம காவிரியிலயே! சிவனசமுத்திரத்துக்குக் கீழ, மேகதாது வரைக்கும் ஆறு காட்டுக்குள்ள ஓடுது. யானை, முதலை எல்லாம் உண்டு. பீமேஸ்வரி, தொட்டமக்கலி, கலிபோர்னு அங்க மூணு முகாம். எல்லாம் ஒரே மீனுக்காக: முதுகுல திமில் வச்ச மஹசீர். 1946-ல கபினியில வான் இங்கன்ங்கிறவர் பிடிச்சது 120 பவுண்டு. கிட்டத்தட்ட 54 கிலோ! (நம்மள்ல பல பேர் எடை அவ்வளவு வராது.)

வெளிநாட்டு ஃப்ளை ஃபிஷிங்ல இறகையும் நூலையும் பூச்சி மாதிரிக் கட்டி வீசுவாங்க. இங்க பெரும்பாலும் ராகிக் களி உருண்டைதான். ஆத்தைப் படிச்சு, எந்தப் பாறைக்குப் பின்னாடி மீன் நிக்கும்னு சொல்ற வழிகாட்டிகள் உள்ளூர் ஆளுங்க. அதுல சில பேர் முன்னாடி திருட்டுத்தனமா மீன் பிடிச்சவங்க.

சில வருஷம் முன்னாடி பீமேஸ்வரி போனப்ப பரிசல் ஓட்டினவர்கிட்ட கேட்டேன். "அண்ணே, நீங்களும் வெடி போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன் சார். அப்புறம் கேம்ப்ல சம்பளம் வந்துச்சு. ராத்திரி வேற எவனாவது வெடியோட வந்தா நாங்களே டார்ச் அடிச்சுத் துரத்துவோம். இப்ப தூண்டில் போடக் கூடாதுன்னுட்டாங்க. துரத்த யாரு இருக்கா?"

அந்தப் பகுதி வனவிலங்கு சரணாலயம். தூண்டில் போடறதும் வேட்டைதான்னு சட்டத்துக்கு விளக்கம் சொல்லி, 2012-ஓட கலிபோர்ல அந்த விளையாட்டை மூடியாச்சு. கொக்கி வாயில குத்தினா மீனுக்கு நல்லதா என்ன? கேள்வி நியாயம்தான். ஆனா வெடிக்குக் குஞ்சு, பெருசுன்னு பேதம் கிடையாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கணக்கு நோட்டுதான். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டாங்க, எத்தனை மீன், என்ன எடைன்னு கலிபோர்ல எழுதி வச்சிருந்தாங்க. 1998-ல இருந்து 2012 வரைக்கும் 23,620 மணி நேரம், 6,161 மீன். ஏட்ரியன் பிண்டர்ங்கிற பிரிட்டிஷ் ஆய்வாளரும் அவரோட குழுவும் அதை அலசி 2015-ல வெளியிட்டாங்க. மீன் எண்ணிக்கை ஏறியிருக்கு, சராசரி எடை இறங்கியிருக்கு. என்னடான்னு பார்த்தா, கூடினதெல்லாம் நீலத்துடுப்பு மஹசீர். அது காவிரிக்கு வெளியூர்க்காரன். லோனாவ்லாவுல டாடா பவர் பொரிப்பகத்துல வளர்த்து, மீனைக் காப்பாத்தறோம்னு நல்ல எண்ணத்தோடதான் கொண்டுவந்து விட்டாங்க. திமில்காரன்ல மிச்சம் கொஞ்சம் கிழடுங்க மட்டும், குட்டிகளைக் காணோம்.

யோசிச்சுப் பாருங்க மக்களே, அந்த நோட்டு இல்லேன்னா 'அடேயப்பா, எவ்வளவு மீனு!'ன்னு எல்லாரும் கைதட்டிக்கிட்டே இருந்திருப்போம்.

இன்னொரு கொடுமை. இவ்வளவு பிரபலமான மீனுக்கு அறிவியல் பெயரே சரியா முடிவாகாம கிடந்துச்சு. 2018-லதான் பாம்பாற்றுல இருந்து ஏற்கெனவே பேர் வாங்கின 'டோர் ரெமாதேவியி'யும் இதுவும் ஒண்ணுதான்னு நிரூபிச்சாங்க. அதே வருஷம் மிக அருகிய இனம்னு சிவப்புப் பட்டியல்லயும் ஏறிடுச்சு. பேர் இல்லாத மீனை எந்தப் பட்டியல்ல சேர்க்கறது?

அந்த ஆராய்ச்சிக்கு மாதிரி மீன் கிடைச்ச இடம் மோயாறு. நீலகிரிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவுல ஓடி பவானிசாகர்ல சேருதே, அதேதான். அங்க தூண்டில்காரங்களும் கிடையாது, நோட்டும் கிடையாது. காட்டிலாகாவே பழைய வழிகாட்டிகள்ல நாலு பேரைக் கூட்டிட்டு வந்து, வருஷத்துக்கு ஒரு வாரம் பிடிச்சு, அளந்து, எழுதிட்டு விட்டா என்னங்க? பரிசல்கார அண்ணன்கிட்ட இதைச் சொன்னதுக்கு, "கூப்பிட்டா நாளைக்கே வர்றேன் சார், ராகி மட்டும் நீங்க கொண்டாங்க"ன்னார்.