மிடறு

புதுக்கவிதைத் தொகுதி ஒன்று கைக்கு வந்தால், கவிஞர் தன் குரலைக் கண்டடைந்துவிட்டாரா என்று பார்க்கிறோம். விமர்சனத்தில் இது பழகிப்போன பிரயோகம். குரலை ஸ்தூலமான அர்த்தத்தில் யோசிக்கும் நிர்ப்பந்தம் எனக்கு 2018இல் சித்தப்பாவால் வந்தது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர். குரல்வளையில் புற்றுநோய்; குருத்தெலும்பையும் துளைத்து வெளியே வந்துவிட்டது. குரல்வளையை முழுக்க எடுத்துவிட்டு, காயம் ஆறியதும் 6 வாரம் கதிர்வீச்சு என்றார் டாக்டர். எடுத்த பிறகு அது எதற்கு என்று சித்தி கேட்டாள். கத்தி, தெரிகிற கட்டியை எடுக்கும். ஓரங்களிலும் கழுத்து நிணநீர்க் கணுக்களிலும் கண்ணுக்குப் படாமல் தங்கிய அணுக்கள் கதிரின் பொறுப்பு. வாரம் 5 நாளாக 30 தடவை. இடைவேளையில் நல்ல அணுக்கள் தேறிக்கொள்ளும்.

1981இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 37 பேரிடம், குரலை இழந்து கூடுதல் ஆயுளா, குரலோடு குறைந்த ஆயுளா என்று கேட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் குரலைத் தேர்ந்தார். 1991இல் வெளியான மற்றோர் ஆய்வில், மருந்தும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை தப்பியது. இரண்டு வருஷம் உயிரோடிருந்தவர்கள், அறுவையோடு கதிர்வீச்சு பெற்ற தரப்பிலும் இந்தத் தரப்பிலும் 68 சதவீதம். சித்தப்பாவின் நோய் இந்தச் சலுகையைத் தாண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டார்.

எழுத்துகள் பிறக்கத் தொல்காப்பியர் எட்டு இடம் சொல்கிறார்: தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். வருஷா வருஷம் வகுப்பில் இதை நடத்தியவர். மிடறு போனது. நெஞ்சின் காற்று கழுத்துத் துளையோடு வெளியேறிவிட, நாவும் இதழும் சும்மா அசைந்தன. வால்வு வைத்துப் பேசுவதெல்லாம் கதிர்வீச்சு முடிந்த பின் என்றார்கள். எச்சில் வற்றி, ருசியும் போயிருந்த ஒரு நாள் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'காப்பி என்று நம்பிக் குடித்தேன்.' அந்தக் குத்தல் அவருடையது. படித்தபோது காதில் விழுந்தது.

சித்தி மூன்றாம் வகுப்பு. அவள் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பொறுமையிழந்து துடைத்துவிடுவார். எழுத்தில் குரல் எஞ்சுகிறது என்பது என்னைப் போன்ற வாசகனுக்கு ஆறுதல். சித்திக்கு அவர் வாயால் கூப்பிட்டாக வேண்டும்.