அருவியில குளிச்சாச்சா? அப்படியே வண்டிப் பந்தயமும் பாருங்க!

குற்றாலம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மெயின் அருவி, ஐந்தருவி, பழைய அருவி, ராத்திரி பார்டர் புரோட்டா... அவ்வளவுதானே? அடுத்த டூருக்கு பிளான் போடும்போது இன்னொண்ணையும் லிஸ்ட்டில் சேர்த்துக்குங்க. மாட்டு வண்டிப் பந்தயம்!

குற்றாலத்திலிருந்து 5 கிலோ மீட்டரில் தென்காசி. அங்கேயிருந்து கிழக்கே போகப் போக சாரல் மறைஞ்சு கரிசல் காடு ஆரம்பிக்கும். சங்கரன்கோவில், கயத்தாறு, ஒட்டப்பிடாரம் பக்கமெல்லாம் கோயில் கொடை நோட்டீஸைப் பாருங்க. பல ஊர்களில் வில்லுப்பாட்டுக்குப் பக்கத்திலேயே வண்டிப் பந்தயமும் இருக்கும்.

வெயில் ஏறினால் மாடு தாங்காது. அதனால் காலையிலேயே ரோட்டோரம் கூட்டம் கூடிடும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, தட்டான்சிட்டுன்னு மாட்டோட அளவை வச்சுப் பிரிவுகள். குத்துச்சண்டையில் வெயிட் பார்த்துப் பிரிக்கிற மாதிரி! தூரம் இன்னும் மைல் கணக்குதான். எல்லை வரைக்கும் போய்த் திரும்பி வரணும். திரும்புற இடம்தான் கிளைமாக்ஸ். அகலமா வளைச்சா பின்னாடி வர்ற வண்டி உள்ளே புகுந்துடும். ஒட்டி வளைச்சா சக்கரம் தூக்கிடும். சாரதியோட மொத்த வித்தையும் அந்த ஒரு நிமிஷத்தில் தெரிஞ்சிடும்.

கோவை, பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர்கள் ‘எங்க ஊர் ரேக்ளாவும் இதானே’ன்னு கேப்பீங்க. இல்லை! அங்கே 200 மீட்டர், 300 மீட்டர்னு ஓடவிட்டு விநாடிக் கணக்குப் பார்ப்பாங்க. இங்கே பல வண்டிகள் ஒண்ணா, ரோட்டில், மைல் கணக்கில்!

இதே ஆசை வெளிநாட்டிலும் உண்டு. பிரான்ஸ், ஸ்வீடன், ஆஸ்திரேலியாவில் ரெண்டு சக்கர வண்டியில் ஒத்தைக் குதிரையைப் பூட்டி ஓட்டுவாங்க. குதிரை நாலு கால் பாய்ச்சல் போனால் தப்பாட்டம். சீரான ஓட்டம்தான் ஓடணும். ஒரே ஒரு பெரிய வித்தியாசம்: அங்கே ஜனங்க கட்டுற பந்தயப் பணத்தில்தான் மொத்தத் தொழிலும் ஓடுது. இங்கே பந்தயம் கட்ட கவுன்ட்டரே கிடையாது. விழாக் கமிட்டி தர்ற பரிசு, ‘இன்னார் மாடு ஜெயிச்சுது’ங்கிற பேரு, அவ்வளவுதான்.

பணம் உள்ளே வந்தால் என்ன ஆகும்? நாய்ப் பந்தயத்தைப் பாருங்க. 1919-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இயந்திர முயலைத் துரத்தி கிரேஹவுண்டுகள் ஓட ஆரம்பிச்சுது. 1926-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வந்தது. சூதாட்டம் பெருகப் பெருக, காயம்பட்ட நாயும் தோத்த நாயும் வேண்டாத சரக்காச்சு. கடைசியில் 2018-ல் புளோரிடா மக்கள் ஓட்டுப்போட்டே நிறுத்தினாங்க. 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசும் மூடப்போறதா அறிவிச்சது.

நம்ம கரிசல் காட்டிலும் அதே மாதிரி ஒல்லி உடம்பு வேட்டை நாய் உண்டு, சிப்பிப்பாறை! திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிப்பிப்பாறை ஊரோட பேர்தான் அதுக்கு. நல்லவேளை, அது காவலுக்குத்தான் நிக்குது. டிக்கெட் கவுன்ட்டருக்காக ஓடலை.

மாட்டுக்கும் சோதனை வந்தது. 2014 மே 7-ல் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டுக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டது. 2017-ல் மெரினாவில் உட்கார்ந்தது யாரு? உங்களை மாதிரி ஸ்டூடன்ட்ஸ்தான்! தமிழ்நாடு, கர்நாடகா, மகாராஷ்டிரா கொண்டுவந்த சட்டத் திருத்தங்கள் செல்லும்னு 2023 மே 18-ல் அதே கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா மாட்டை வதைக்கலாம்னு எந்தத் தீர்ப்பும் சொல்லலை. வாலை முறுக்கினாலும் தார்க்குச்சியால் குத்தினாலும் அடுத்த வழக்குக்கு நாமே சாட்சி கொடுத்த மாதிரிதான்.

அதனால் போறவங்களுக்கு மூணே மூணு விஷயம். பைக்கில் ஹாரன் அடிச்சுக்கிட்டு வண்டியை விரட்டாதீங்க, மாடு மிரளும். திரும்புற இடத்தில் ரோட்டுக்குள்ளே நிக்காதீங்க. பக்கத்தில் நிக்கிறவர் ‘எந்த வண்டி ஜெயிக்கும், ஐநூறு கட்டுறியா?’ன்னு காதைக் கடிச்சா, ‘வேணாம் அண்ணாச்சி’ன்னு சிரிச்சுக்கிட்டே நகர்ந்துடுங்க.

அந்த ஐநூறுக்கு ரெண்டு புரோட்டா கூடவே சாப்பிடலாம். மாடும் நிம்மதியா ஓடும்!