காம்பரா யன்னலில் ஒரு செடி

என் அப்பா பதுளைக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1983 ஆடிக் கலவரத்தின் பின் எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போனார். நான் அப்போது கைக்குழந்தை. தருமபுரத்தில் வளர்ந்தேன், அங்கேயே கலியாணமும் முடித்தேன். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது என்னுடன் மகள் மட்டுமே இருந்தாள். அடுத்த வருடம் சின்னம்மா எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டார்.

லயக் காம்பராவைப் பலகையால் மறித்து எங்களுக்குப் படுக்க இடம் தந்தார்கள். ஒரு சின்ன யன்னல். இரவில் நித்திரை வராது. முற்றத்தில் விட்டுவந்த செவ்வரத்தையும் கறிவேப்பிலையும் கண்ணுக்குள் நிற்கும். இனி ஒரு செடியும் வளர்ப்பதில்லை என்று இருந்தேன்.

ஒரு நாள் மகள் பாடசாலையிலிருந்து மணி பிளான்ட் தண்டு ஒன்றைக் கொண்டுவந்து யோகட் கோப்பையில் நட்டாள். நான் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவள் நான். பீலித் தண்ணீர் பக்கத்திலேயே ஓடும்போது செடிக்குக் குறைவைக்க மனம் வரவில்லை. இரண்டு வாரத்தில் தண்டு அழுகிவிட்டது. மகள் ஒன்றும் பேசாமல் கோப்பையைக் கழுவி வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பீலித் தண்ணி பூராவும் இதுக்கா ஊத்துன? கோப்பைக்கு அடியில ஓட்டைகூட இல்லையே புள்ள" என்றார் சின்னம்மா. இஸ்தோப்பில் தொங்கிய கொடியில், கணுவுக்குக் கீழே ஒரு துண்டு வெட்டி, ஜேம் போத்தல் தண்ணீரில் போட்டுத் தந்தார். மூன்று வாரத்தில் வெள்ளை வேர் தெரிந்தது.

சகோதரிகளே, முதல் தடவை செடி வைப்பவர்கள் இப்படி மறதியையும் பொறுக்கும் செடியாகப் பாருங்கள். மணி பிளான்டுக்கு யன்னல் வெளிச்சம் போதும், உச்சி வெயில் வேண்டாம். போத்தலில் வைத்தால் வாரம் ஒரு தடவையாவது உட்புறத்தைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

யன்னலுக்குத் தூரமான மூலைக்கு மருள் நல்லது. வாள்போல நிமிர்ந்த இலை. நம் நாட்டிலேயே ஒரு வகை இயற்கையாக வளர்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக் குளிரில் இன்னும் குறைக்கலாம். எந்தச் சாடியானாலும் அடியில் ஓட்டை இருக்கட்டும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள்.

இந்த இரண்டும் வாயில் வைக்கக் கூடாதவை. மணி பிளான்ட் இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும். தவழும் பிள்ளை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

"ராத்திரியில செடி நம்ம மூச்ச இழுத்துக்கும்" என்று பக்கத்து லயத்து ஆயா பயம் காட்டினார். இரவில் செடி விடும் கரியமிலவாயு, பக்கத்தில் படுத்திருக்கும் ஒருவர் விடுவதைவிட மிகக் குறைவு. பயப்படத் தேவையில்லை. செடி காற்றைச் சுத்தமாக்கும் என்றும் சொல்வார்கள். 1989 இல் அமெரிக்காவின் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த ஆய்விலிருந்து பரவிய கதை அது. வீட்டுக்குள் இரண்டு மூன்று செடியால் அப்படி எதுவும் நடக்காது. அடுப்புப் புகைக்கு யன்னலைத் திறப்பதே வழி. இலையில் படியும் கரியை ஈரத் துணியால் துடையுங்கள்.

செடி வந்ததும் என் நித்திரை திரும்பிவிடவில்லை. ஆனால் விடியப்புறம் கண் விழித்ததும் புது இலை விரிந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். அதற்கு முன் விடிவதையே நான் விரும்பியதில்லை.

மகள் இப்போது பண்டாரவளையில் வேலை செய்கிறாள். தங்கும் அறைக்கு உடுப்புப் பையோடு அந்தக் கொடியில் ஒரு துண்டும் கொண்டுபோனாள். போன வாரம் தொலைபேசியில், "அம்மா, வேர் விட்டிட்டுது" என்றாள். தண்ணீரை மாற்றச் சொன்னேன்.